போர் முடிவும் பொறுப்புத் துறப்பும்: இந்திய அமைதிப்படையை முன்வைத்துத் தமிழகக் கட்சிகளின் நிலைப்பாடுகள்

ஆய்வுச்சுருக்கம்

1987ஆம் ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படை தமிழக அரசியலில் இன்றளவும் குற்றச்சாட்டுக்குரிய பொருளாக உள்ளது. படையை அனுப்பிய முடிவுக்கும், அது போரில் இறங்கிய முடிவுக்கும், அதன் விளைவுகளுக்கும் ஒவ்வொரு கட்சியும் பிற கட்சிகளையே பொறுப்பாக்கி வந்துள்ளது. கட்சிகளின் இம்மாறுநிலைகள் தனிமனித ஒழுக்கக் குறைபாட்டால் மட்டும் விளைந்தவை அல்ல; போர் குறித்த முடிவு எங்கே, யாரால், எவ்வகைப் பதிவோடு எடுக்கப்படுகிறது என்னும் அமைப்புமுறையோடு அவை தொடர்புடையவை என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்

அமைதிப்படை, இந்திய–இலங்கை ஒப்பந்தம், மணிமங்கலம், மெய்க்கீர்த்தி, வெட்சி, போர்ப்பொறுப்பு, சட்டமன்றத் தீர்மானம்.

முன்னுரை

தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் அமைந்த மணிமங்கலம், இன்று ஒரகடம் தொழிற்பகுதியின் ஆலைகளுக்கு அருகிலுள்ள ஊராக அறியப்படுகிறது. வரலாற்று மாணவர்க்கோ அது பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நிகழ்ந்த போர்களைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. இலங்கையின் சூளவம்சமோ, அரசிழந்து காஞ்சிக்கு வந்த மானவம்மன் என்னும் இளவரசன் வல்லபனுக்கு எதிரான போரில் நரசிம்மனுக்குத் துணைநின்றதையும், அதற்குக் கைம்மாறாக நரசிம்மன் அவனுக்கு இருமுறை படையுதவி செய்ததையும் கூறுகிறது. முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது முயற்சியில் மானவம்மன் இலங்கை அரியணையைப் பெற்றான்.

இதே வட்டாரத்தில், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில், முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளின் மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். இலங்கைக்குப் படை அனுப்பிய முடிவின் பின்விளைவாக அந்நிகழ்வு பொதுவாகக் கருதப்படுகிறது. நிலவியல் நெருக்கம் காரணகாரியத் தொடர்பு ஆகாது. எனினும் இலங்கைக்குப் படை அனுப்புதல் என்னும் அரசுச்செயலின் பொறுப்பு எவ்வாறு பதிவாகிறது என்பதை ஒப்பிட்டு நோக்க இவ்வட்டாரம் பொருத்தமான தொடக்கமாக அமைகிறது.

மரபில் போரின் உரிமையாளர்

தமிழ்ப் புறத்திணை மரபு போரின் தொடக்கத்தைக் கூறும்போதே அதற்கு ஆணையிட்டவர் யார் என்னும் வினாவையும் எழுப்புகிறது. தொல்காப்பியம் வேந்தனின் ஏவலால் நிகழும் ஆநிரை கவர்தலை வெட்சியாகக் கொள்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை வெட்சியை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இருவகைப்படுத்துகிறது. மன்னன் ஆணையால் சென்றதும், வீரர் தாமே முனைந்து சென்றதும் ஒன்றல்ல என்னும் தெளிவு இப்பகுப்பில் உள்ளது. திருக்குறளின் பொருட்பாலிலும் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்து, செயலில் இறங்குமுன் வேந்தன் எண்ண வேண்டியவற்றை வரிசைப்படுத்துகின்றன.

கல்வெட்டுகளில் இவ்வுரிமை வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. மணிமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி, ஈழத்து மன்னர் நால்வரின் முடிகளைக் கைக்கொண்டமையையும், அரச குடும்பத்துப் பெண்கள் சிறைபிடிக்கப்பட்டமையையும், மன்னன் ஒருவனுடைய தாயின் மூக்கு அரியப்பட்டமையையும் மன்னனின் புகழாகவே கூறுகிறது. இன்றைய அளவுகோலில் கொடுமையாகக் கருதப்படுவதைக்கூட அக்கல்வெட்டு மறைக்கவில்லை.

மெய்க்கீர்த்தி புகழ்மொழியேயன்றி ஒப்புதல் வாக்குமூலம் அன்று என்பதும், மன்னனைக் கேள்வி கேட்கும் அவை எதுவும் அன்று இல்லை என்பதும் உண்மை. ஆயினும் போர் யாருடையது என்பதில் அங்கு ஐயத்துக்கு இடமில்லை. கேள்வி கேட்கும் அவைகளும் வாக்காளர்களும் உள்ள மக்களாட்சியில் அவ்வையம் எழுந்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினா.

படை சென்ற வழி: 1983–1990

1983 சூலை வன்முறைக்குப் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராகத் தமிழகத்துக்கு அடைக்கலம் வந்தனர். அன்றைய மத்திய அரசு போராளி இயக்கங்களுக்கு இரகசியமாகப் பயிற்சி அளித்தது. முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் விடுதலைப் புலிகளுக்கு நிதியுதவி செய்ததை அன்டன் பாலசிங்கம் தம் நூலில் விவரித்துள்ளார். எதிர்க்கட்சித் தலைவரான மு. கருணாநிதி 1983இல் ஈழச் சிக்கலை முன்னிட்டுச் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். 1985இல் தமிழீழ ஆதரவாளர் அமைப்பைத் தொடங்கினார். இக்காலத்தில் மத்திய ஆளுங்கட்சி, மாநில ஆளுங்கட்சி, மாநில எதிர்க்கட்சி ஆகிய மூன்றும் ஏதேனும் ஒரு வகையில் ஆயுதப் போராட்டத்துக்குத் துணைநின்றன என்பது பின்னைய விவாதங்களில் பெரிதும் மறைந்துபோன உண்மையாகும்.

1987 மே மாதம் இலங்கைப் படை வடமராட்சியில் தாக்குதல் தொடங்கியது. சூன் 4 அன்று இந்திய வான்படை யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள்களை வானிலிருந்து இறக்கியது. சூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். தேவைப்படின் இலங்கைக் குடியரசுத் தலைவர் இந்திய அமைதிகாப்புப் படையை அழைக்கலாம் என ஒப்பந்தத்தின் இணைப்பு கூறியது. விடுதலைப் புலிகள் இயக்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்பன்று. ஆகஸ்டு 2 அன்று சென்னைக் கடற்கரையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் எம்.ஜி.ஆர். பிரதமருடன் மேடையேறினார். தி.மு.க. ஒப்பந்தத்தை எதிர்த்தது.

செப்டம்பர் 26 அன்று திலீபன் உண்ணாநோன்பில் உயிர்நீத்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் இலங்கைப் படையின் காவலில் இருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட புலிகள் நஞ்சருந்தினர். அக்டோபர் 10 அளவில் அமைதிப்படை விடுதலைப் புலிகளுக்கு எதிரான போரைத் தொடங்கியது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் எனப் பலர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு நாடு திரும்பியபோது, இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரிழந்திருந்தனர்.

இந்நிரலில் முடிவுகள் இரண்டு உள்ளன என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். படையை அனுப்புதல் முதல் முடிவு. அமைதிகாக்கச் சென்ற படையைப் போரில் இறக்குதல் இரண்டாம் முடிவு. முன்னதற்கு எழுதப்பட்ட ஒப்பந்தமேனும் உண்டு. பின்னதற்கு மக்கள் மன்றத்தில் முன்கூட்டியே வைக்கப்பட்ட ஆவணம் எதுவும் இல்லை.

முடிவெடுத்தவர் யார்?

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 14ஆம் பதிவு அயல்நாட்டு ஒப்பந்தங்களையும், 15ஆம் பதிவு போரையும் அமைதியையும் ஒன்றியத்துக்கே உரியனவாக்குகின்றன. ஆனால் படையை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பைப் பெற வேண்டும் என்னும் விதி அரசமைப்பில் இல்லை. அமைச்சரவையின் செயலாட்சி அதிகாரமே போதுமானது. நாடாளுமன்றம் விவாதிக்கலாம்; வினவலாம்; அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமும் கொண்டுவரலாம். போருக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஒவ்வோர் உறுப்பினரும் தம் வாக்கைப் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயம் எழுவதில்லை.

இதன் விளைவு, பங்கேற்றவர்கள் பின்னாளில் எழுதிய நூல்களில் தெளிவாகத் தெரிகிறது. கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித், புலிகளைக் குறுகிய காலத்தில் அடக்கிவிடலாம் எனப் படைத்தலைமை கொண்டிருந்த நம்பிக்கையைச் சுட்டுகிறார். யாழ்ப்பாணத்தில் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஹர்கிரத் சிங், தூதரையும் படைத் தலைமையகத்தையும் குறைகூறுகிறார். 1987இல் வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த கே. நட்வர் சிங், அமைச்சரவையைக் கலக்காமல் ராஜீவ் காந்தியே படையனுப்பும் முடிவை எடுத்தார் எனத் தம் தன்வரலாற்றில் எழுதினார். அந்நூல் வெளிவந்தது 2014இல். அப்போது அவர் காங்கிரசில் இல்லை.

மூவரும் பொய்யுரைத்தனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. வாக்குப் பதிவும் வெளியிடப்பட்ட ஆவணமும் இல்லாத இடத்தில் நினைவுக்குறிப்புகளே சான்றாகின்றன. நினைவுக்குறிப்பு எழுதுபவர் தம்மை நடுவராகவும் பிறரைக் குற்றவாளியாகவும் நிறுத்துவது இயல்பு. வெட்சியின் சொல்லாட்சியில் கூறின், சென்றது மன்னுறு தொழிலா தன்னுறு தொழிலா என்பதையே இங்கு உறுதிசெய்ய இயலவில்லை.

மேலும் ஒன்று கருதத்தக்கது. ராஜீவ் காந்தி கொலையையொட்டி வர்மா ஆணையம், ஜெயின் ஆணையம் என இரண்டு விசாரணை ஆணையங்கள் அமைக்கப்பட்டன. முன்னது பாதுகாப்புக் குறைபாட்டையும், பின்னது சதியையும் ஆராய்ந்தன. ஏறத்தாழ 1,200 வீரர்களும் கணக்கிடப்படாத யாழ்ப்பாணப் பொதுமக்களும் உயிரிழந்த போரின் முடிவை ஆராய அத்தகைய ஆணையம் அமைக்கப்படவில்லை. கொலைக்கு விசாரணை நடந்தது, போருக்கு நடக்கவில்லை. இவ்வெற்றிடத்தையே கட்சிகளின் குற்றச்சாட்டுகள் நிரப்பின.

கட்சிகளின் நிலைமாற்றங்கள்

1989 சனவரியில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் தரப்பு நியாயம். படையை அனுப்பிய காங்கிரசு இதனை நாட்டுப்பற்றின்மையாகச் சித்திரித்தது. 1990 சூன் 19 அன்று ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் பத்மநாபா சென்னையில் கொல்லப்பட்டார். காங்கிரசு, அ.தி.மு.க. ஆகியவற்றின் அழுத்தத்தின் நடுவே, காங்கிரசின் ஆதரவில் இயங்கிய சந்திரசேகர் அரசு 1991 சனவரி 30 அன்று தி.மு.க. அரசைக் கலைத்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலாவின் அறிக்கை இல்லாமலேயே அந்நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. ராஜீவ் கொலைக்குப் பின் நடந்த தேர்தலில் தி.மு.க. 2 இடங்களையே பெற்றது. விடுதலைப் புலிகளை வளர்த்த பழி அக்கட்சியின் மீதே விழுந்தது, எம்.ஜி.ஆரின் நிதியுதவியும் மத்திய அரசின் பயிற்சியும் அத்தேர்தலின் பேசுபொருள்களாகவில்லை.

1997இல் ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை தி.மு.க.வைக் குறைகூறியது. தி.மு.க. அமைச்சர்களை விலக்க வேண்டும் எனக் கோரிய காங்கிரசு, ஐ.கே. குஜ்ரால் இணங்காததால் நவம்பர் 28 அன்று ஆதரவைத் திரும்பப் பெற்றது, அரசு கவிழ்ந்தது. ஏழு ஆண்டுகளுக்குள், 2004இல், அதே காங்கிரசு அதே தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்தது, தி.மு.க.வினர் மத்திய அமைச்சர்களாயினர். ஓர் அரசைக் கவிழ்க்கும் அளவுக்குக் கொடிதாகத் தோன்றிய குற்றம் எவ்வாறு தீர்ந்தது என்பதை இரு கட்சிகளும் விளக்கவில்லை.

ஜெ. ஜெயலலிதாவின் நிலைப்பாடுகள் இவ்வாய்வுக்கு மேலும் துலக்கமான சான்றாகின்றன. 2002 ஏப்ரல் 16 அன்று, அவர் முதலமைச்சராக இருந்தபோது, பிரபாகரனை இந்தியாவிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். தேவைப்படின் இந்தியப் படையை அனுப்பியேனும் பிடிக்க வேண்டும் என்னும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2009 சனவரியில், போரில் பொதுமக்கள் உயிரிழப்பது தவிர்க்க இயலாதது என்னும் பொருளில் அவர் கருத்துரைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் பரப்புரையின்போது, தம் சொல் கேட்கும் அரசு மத்தியில் அமைந்தால் இந்தியப் படையை அனுப்பித் தனி ஈழம் அமைப்பதாக உறுதியளித்தார். ஏழாண்டு இடைவெளியில் கருவி மாறவில்லை. இருமுறையும் இந்தியப் படையே. நோக்கம் மட்டுமே எதிர்மறையாயிற்று.

ஆளுங்கட்சியின் நிலையும் வேறன்று. 2008 அக்டோபர் 14 அன்று கருணாநிதி தலைமையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம், இரு வாரங்களில் போர்நிறுத்தம் ஏற்படாவிடில் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகுவர் எனத் தீர்மானித்தது. விலகல் நிகழவில்லை. 2009 ஏப்ரல் 27 அன்று அவர் மெரினாவில் மேற்கொண்ட உண்ணாநோன்பு சில மணி நேரத்தில் முடிவுற்றது. மூன்று வாரங்களில் முள்ளிவாய்க்கால் நிகழ்ந்தது. தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது 2013 மார்ச்சில்தான். மத்திய அமைச்சரவையில் 2009 மார்ச்சு வரை இடம்பெற்றிருந்த பா.ம.க., தேர்தலுக்குச் சற்று முன் எதிரணிக்கு மாறியது. விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக 2002இல் பொடா சட்டத்தில் ஜெயலலிதா அரசால் சிறையிடப்பட்ட வைகோ, 2006இல் அவருடனேயே கூட்டணி கண்டார்.

குற்றச்சாட்டு இயங்கும் முறை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று உத்திகளை வகைப்படுத்தலாம்.

முதலாவது, தொடக்கத்தை வெட்டுதல். ஒவ்வொரு கட்சியும் கதையைத் தனக்கு உகந்த நாளிலிருந்து தொடங்குகிறது. தி.மு.க.வின் கூற்று 1987 அக்டோபரில் தொடங்கும். காங்கிரசின் கூற்று 1989–91 தி.மு.க. ஆட்சியிலிருந்து தொடங்கும், அ.தி.மு.க.வின் கூற்று 2009இல் தொடங்கும். 1983–87 காலத்திலிருந்து தொடங்க எவரும் விரும்புவதில்லை. அங்கிருந்து தொடங்கினால் அனைவரும் ஒரே பக்கத்தில் நிற்க நேரிடும்.

இரண்டாவது, முடிவை விட்டு விளைவைப் பேசுதல். வரவேற்கச் செல்லாமை, ஒரு தலைவரின் கொலை, உண்ணாநோன்பின் கால அளவு ஆகியவை விவாதமாகின்றன. படை ஏன் சென்றது, ஏன் போரில் இறங்கியது, 1987 அக்டோபருக்கும் 1990 மார்ச்சுக்கும் இடையே ஏன் திரும்பவில்லை என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன.

மூன்றாவது, அதிகாரமில்லாத மன்றத்தில் முடிவெடுத்தல். போரும் அயலுறவும் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், படையை அனுப்பு என்னும் சட்டமன்றத் தீர்மானத்துக்குச் சட்ட வலிமை இல்லை. அது நிறைவேறாது என்பதை அறிந்தே நிறைவேற்றப்படுகிறது. செயலாகும் சொல்லுக்குப் பொறுப்பு உண்டு. செயலாகாத சொல்லுக்கு இல்லை. ஈழத்தில் பொதுவாக்கெடுப்புக் கோரிய 2013 மார்ச் 27 தீர்மானமும் இவ்வரம்புக்குள்தான் நின்றது. மாநில மக்களின் உணர்வை ஒன்றியத்துக்கு உணர்த்தும் பயன் இத்தீர்மானங்களுக்கு உண்டு என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில், விளைவைப் பற்றிய அச்சமின்றி நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் அவை தருகின்றன.

இங்கு ஒரு மறுப்பைக் கருத வேண்டும். நிலைப்பாட்டை மாற்றுதல் எல்லாம் இரட்டை நிலையாகுமா? ஆகாது. 1991 மே நிகழ்வு எந்தக் கட்சியின் பார்வையையும் மாற்றத்தக்கது. 2009இன் பொதுமக்கள் இழப்பும் அவ்வாறே. புதிய உண்மை தோன்றும்போது பழைய கருத்தைக் கைவிடுவது அறிவுடைமை. தன் முந்தைய நிலையை ஒப்புக்கொண்டு, மாறியதன் காரணத்தைக் கூறுவது நிலைமாற்றம். முந்தைய நிலையே இல்லாததுபோல் அதே நிலைக்காகப் பிறரைப் பழிப்பது இரட்டை நிலை. இவ்வளவுகோலில் நோக்கின், மேற்கண்டவற்றுள் பெரும்பாலானவை இரண்டாம் வகையின.

பதிவுள்ள இடங்கள்: ஓர் ஒப்பீடு

ஈராக் போருக்கு ஒப்புதல் வழங்கி அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை 2002 அக்டோபரில் 296–133 என்றும், செனட் 77–23 என்றும் வாக்களித்தன. பிரிட்டன் மக்களவை 2003 மார்ச் 18 அன்று 412–149 என்னும் வாக்குகளால் ஒப்புதல் அளித்தது. அந்நாடுகளிலும் பழிபோடுதல் குறையவில்லை. ஆதரித்தோர் பின்னர் உளவுத்துறையைச் சாடினர். ஆனால் வாக்கு அழியாது நின்றது. ஹிலாரி கிளிண்டன் 2002இல் அளித்த வாக்கு, 2008 வேட்பாளர் தேர்வில் அவருக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்டது. பிரிட்டனின் சில்காட் விசாரணை 2016இல் வெளியிட்ட அறிக்கை, முடிவெடுத்த முறையையே ஆராய்ந்தது. வாக்கெடுப்பு அப்போரைத் தடுக்கவில்லை. பொறுப்பை மறைக்க முடியாதபடி செய்தது.

நம் சூழலிலும் இதற்குச் சான்று உண்டு. இலங்கைத் தமிழ் ஏதிலியரை உள்ளடக்காத குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தனர். 2021 தேர்தல் அறிக்கையில் அச்சட்டத்தைக் கைவிட வலியுறுத்துவதாக அக்கட்சி கூறியபோது, பதிவான வாக்கு அதற்கு எதிராக உடனே நின்றது. வாக்கு பதிவான இடத்தில் பழியை வேறிடம் மாற்றுவது கடினமாகிறது.

முடிவுரை

மணிமங்கலத்துக் கல்வெட்டில் போர் மன்னனுடையது. அதன் கொடுமையும் அவனுடையதே. 1987ஆம் ஆண்டுப் போருக்கு அத்தகைய உரிமையாளர் எவரும் முன்வரவில்லை. தொடக்கத்தில் துணைநின்ற அனைத்துத் தரப்பும், முடிவில் குற்றஞ்சாட்டும் தரப்பாக மாறின. தலைவர்களின் குணவியல்பை மட்டும் காரணமாகக் காட்டுவது இதனை முழுமையாக விளக்காது. போர்முடிவை வாக்குப் பதிவின்றிச் செயலாட்சியிடம் விட்ட அரசமைப்பு ஏற்பாடு, அம்முடிவை ஆராயும் விசாரணை இல்லாமை, மாநில மன்றங்களின் செலவில்லாத தீர்மானங்கள் ஆகிய மூன்றும் இணைந்தே இரட்டை நிலைக்கு இடமளித்துள்ளன.

இதன் இழப்பைச் சுமப்போர் கட்சியினர் அல்லர். யாழ்ப்பாண மருத்துவமனையில் உறவினரை இழந்தோர்க்கும், திரும்பி வராத வீரர்களின் குடும்பத்தினர்க்கும், தமிழக மறுவாழ்வு முகாம்களில் மூன்றாம் தலைமுறையைக் காணும் ஏதிலியர்க்கும் தங்கள் வாழ்வை மாற்றிய முடிவை எடுத்தவர் யார் என்பதற்கு ஆவண அடிப்படையிலான விடை கிடைக்க வேண்டும். 1987–90 காலத்து அமைச்சரவைக் குறிப்புகளும் படைத்துறை ஆவணங்களும் ஆய்வாளர்க்குத் திறக்கப்படுதல் அதற்கு முதற்படியாகும். சட்டமன்ற, நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைக் கட்சிவாரியாகவும் கால வரிசையிலும் தொகுத்தல் தமிழ் ஆய்வாளர்களே இன்று மேற்கொள்ளத்தக்க பணி. போருக்கு ஆணையிட்டவர் எவர் என வினவும் மரபு நம் புறத்திணையில் உண்டு. அவ்வினாவை நம் காலத்துப் போர்களிடமும் எழுப்புதல் தகும்.